முழ நீளக் கேபிள்

என் மேசை இழுப்பறையில் முழ நீளத்துக்கு ஒரு கருப்புக் கேபிள் கிடக்கிறது. இரண்டாயிரங்களின் நடுவில், மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், யாரையும் கேட்காமல் நான் கழற்றியது.

அங்கே நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டவர் அக்கா. தொழிற்சாலைக்கே அவர் அக்காதான். நான் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து, தட்டுத்தடுமாறி இந்த வேலைக்குள் வந்தவன். அலமாரியில் ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு சுவிட்சுகள், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிகள்; ஒவ்வொன்றும் ஒரு பிரிவின் கணினிகளுக்கு. அவற்றைக் குட்டிக் கேபிள்களால் வரிசையாகக் கோத்து, கடைசியிலிருந்து முதலாவதற்கு இந்த முழ நீளக் கேபிளைத் திருப்பிக் கொண்டுபோய் வளையமாக்கியிருந்தார். நான்கும் ஒரே பெட்டி போல வேலை செய்யும். தகவல் எந்தப் பக்கம் கிட்டவோ அந்தப் பக்கமாகப் போகும். நடுவில் ஒன்று செத்தாலும் மற்றவை மறுபக்கமாகப் பேசிக்கொள்ளும். தினமும் இரும்புலியூரிலிருந்து ரயிலில் வருகிறவர் அல்லவா, அவர் அதை இப்படித்தான் சொல்வார்: "ரயில் நின்னா ஜிஎஸ்டி ரோட்டுல பஸ் இருக்கணும்பா."

அறுவை சிகிச்சைக்காக அக்கா விடுப்பில் போனார். பொறுப்பு என்னிடம் வந்தது. மேலதிகாரிகள் பார்வையிட வருகிறார்களென்று அலமாரியைத் துடைத்தபோது, அந்த வளையக் கேபிள் சும்மா தொங்குவதாகப் பட்டது. கழற்றினேன். எதுவும் நிற்கவில்லை. இப்போதுதான் அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கேபிளைப் பையில் போட்டுக் குரோம்பேட்டையில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

நான்காம் நாள் மூன்றாவது சுவிட்ச் செத்தது. அதற்குக் கீழே இருந்த நான்காவது தனித்துப்போனது. சரக்கு அனுப்பும் பிரிவு அதை நம்பித்தான் இருந்தது. "இன்னா சார், லாரி நின்னுகினு கீது, நீ பொட்டியத் தடவிக்கினு கீறியே!" என்று அந்தப் பிரிவின் மேஸ்திரி கத்தினார். வேறு வழி தெரியாமல் மருத்துவமனையில் இருந்த அக்காவுக்கே போன் போட்டேன்.

"பின்னாடி கைய விட்டுப் பாரு. கீழேருந்து மேல போற கேபிள் இருக்கா?"

"இல்லக்கா. நான்தான் கழட்டினேன். வீட்ல இருக்கு."

அக்கா சிரித்தார். "என் டிராயர்ல இன்னொண்ணு இருக்கு பாரு. சுவிட்சுக்காக இல்லப்பா, உனக்காக வெச்சது."

மாட்டினேன். நான்காவது சுவிட்ச் ஒருமுறை அணைந்து எழுந்தது. "வந்துருச்சா? லாரி கிளம்பிருச்சா?" என்றார். "வந்துருச்சுக்கா, லாரி கிளம்புது!" என்று கூவிவிட்டுப் போனை வைத்தேன். மறுநாள் காலையில் அவருக்கு அறுவை சிகிச்சை. அக்கா பிழைத்து வரவில்லை.

அந்த சுவிட்சுகளெல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. இப்போது என் பொறுப்பில் உள்ள அலமாரிகளில் வளையம் மூடியிருக்கிறதா என்று தினமும் பின்னால் கைவிட்டுப் பார்க்கிறேன். உடன் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாமல், அவர்கள் பொருட்டு ஒரு கேபிளும் ஒளித்து வைத்திருக்கிறேன். ஆனால் இந்தக் கருப்புக் கேபிள் கையில் படும்போதெல்லாம் நெஞ்சில் முட்டுவது ஒன்றுதான். கட்டிலில் கிடந்தபடி அவர் சுவிட்சைக் கேட்டார், லாரியைக் கேட்டார். எப்படி இருக்கீங்கக்கா என்று நான் கேட்கவில்லை.