சுவிட்சுக்கு முன்னால் நின்ற காலை

போன ஞாயிறு ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடையில் தோசைக்கு நின்றிருந்தேன். ஆர்டர் எடுக்கிற திரை அப்படியே உறைந்துவிட்டது. கடைக்காரர் யோசிக்கவேயில்லை. குனிந்து ப்ளக்கைப் பிடுங்கினார், திரும்பச் செருகினார். "அவ்ளோதான் லா!" என்று சிரித்தார். நான் என்னையறியாமல் கையை நீட்டித் தடுக்கப் போனேன்.

ஒருகாலத்தில் கம்ப்யூட்டர் சர்வர்களை முறையாக அணைத்து, முறையாக எழுப்புவதுதான் எனக்குச் சோறு போட்டது. அணைப்பதற்கெல்லாம் ஒரு ஆளா என்று நீங்கள் கேட்கலாம். என் அம்மாவும் மதுரையிலிருந்து போனில் அதைத்தான் கேட்பாள்.

ஊரே வியர்த்துக்கொண்டிருக்க, தேக்கா சந்தையில் வாங்கிய கத்தரிப்பூ நிற ஸ்வெட்டரோடு எம்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போவேன். காய்ச்சல்காரி என்று பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்துகொள்வார்கள். உட்கார இடம் தாராளம். சர்வர் அறை அவ்வளவு குளிரும். அந்தக் குளிருக்குச் சூடான தூசியும் புது பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை. எங்கே அந்த வாசனை அடித்தாலும் குணா சார் நினைவுக்கு வந்துவிடுகிறார்.

குணா சார் என் மேலாளர். இங்கேயே பிறந்து வளர்ந்த ஈசூன் பேட்டைக்காரர். கெட்டிக்காரர், அதைவிட அவசரக்காரர். எங்களிடம் பீரோ அளவுக்கு ஒரு சர்வர் இருந்தது. உள்ளே அதைப் பிரித்து வெவ்வேறு ஆட்களுக்குக் கொடுத்திருந்தோம். அடுக்குமாடி பிளாக் மாதிரிதான்: கட்டடம் ஒன்று, வீடுகள் வேறு வேறு. ஒரு பகுதியில் எங்கள் கம்பெனியின் அறிக்கைகள். இன்னொன்றில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முடிவுகள்.

ஒரு காலை எங்கள் பகுதி உறைந்து நின்றுவிட்டது. அதை மட்டும் ரீபூட் செய்யப் பார்த்தேன். பகுதிகளைக் கட்டுப்படுத்தும் திரையும் பதில் சொல்லவில்லை. மொத்த மிஷினையும் அணைத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் அதற்கு முன் நன்றாக ஓடும் பகுதிகளுக்குள் போய், வேலையை நிறுத்தி, ஒவ்வொன்றாக ஷட்டவுன் செய்யவேண்டும். பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டேன். லைன் கிடைக்கவில்லை.

குணா சார் உள்ளே வந்தார். "ரிப்போர்ட் பார்க்க கிளையண்ட் கீழ வந்துட்டாங்க. மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"லேப் இன்னும் ஓடுது சார். பாதி எழுதின ரிசல்ட் கெட்டுப்போகும்."

"பேக்கப் இருக்கு லா."

"நேத்து வரைக்கும்தான் இருக்கு. இன்னைக்குக் காலையில ரத்தம் கொடுத்தவங்க மறுபடியும் கையை நீட்டணுமா?"

அவரே சுவிட்சை நோக்கி வந்தார். நான் எழுந்து போய் மிஷினுக்கு முன்னால் நின்றுகொண்டேன். ஸ்வெட்டரோடு கையை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். குளிரால் என்று பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

"உன் வொர்க் பாஸ் ரினியூவலுக்கு யாரு சைன் போடணும்னு தெரியுமா?"

"தெரியும் சார். நகர மாட்டேன்."

என்னைத் தொட்டு விலக்க அவருக்கு மனம் வரவில்லை. கதவை அறைந்துவிட்டுக் கிளையண்டைப் பார்க்கப் போனார். மறுபடியும் போன் போட்டேன். இந்த முறை கூடத்துப் பொறுப்பாளர் ராஜேஸ்வரி எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனார். "ஐயோ, கைய வெச்சிடாதீங்க! இந்த பேட்ச் ரிசல்ட் எல்லாம் ஏறி முடியட்டும், நானே சொல்றேன்."

அவர் சொன்ன பிறகு அவர்களுடைய நிரலை நிறுத்தினேன், அந்தப் பகுதியை ஷட்டவுன் செய்தேன். மற்றவற்றையும் அதே மாதிரி. கடைசியில்தான் சுவிட்ச். மிஷின் எழுந்தபோது ஒரு முடிவுகூடக் காணாமல் போயிருக்கவில்லை. கிளையண்ட் மட்டும் காத்திருந்து அலுத்துக் கிளம்பிப் போயிருந்தார்கள்.

மறுநாள் குணா சார் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது. "மேல உள்ளவங்களுக்கு ஒரு சாரி சொல்லிடு. முடிஞ்சிரும்."

"எதுக்கு சார்? ஒழுங்கா ஆஃப் பண்ணதுக்கா?"

நான் சாரி சொல்லவில்லை, பாஸும் புதுப்பிக்கப்படவில்லை. ஊருக்கு மூட்டை கட்டும் நேரத்தில் வேறு கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. இன்று பொங்கோலில் வீடு, குடும்பம் எல்லாம் ஆகிவிட்டது.

இப்போது நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்கள் எந்த நாட்டில் இருக்கின்றன என்றே எனக்குத் தெரியாது. திரையில் சொடுக்கினால் அணைகின்றன, சொடுக்கினால் எழுகின்றன. குறுக்கே போய் நிற்க ஓர் அறையில்லை. அந்தப் பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். கம்பெனியும் வேறொன்றுக்குள் கரைந்து பெயரே இல்லாமல் போனது. அன்று நான் சாரி சொல்லியிருக்கலாமே என்று சொல்பவர்கள் மட்டும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் என் பதில் ஒன்றுதான்: முடியாது.