மகள் அழாத இரண்டு நாள்

லிஃப்ட் பழுது பார்க்கிற அந்த மனிதருக்குக் கம்பெனியில் 'சாந்தமூர்த்தி' என்று பட்டப்பெயர். பாதி வழியில் நின்ற லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டு கத்தினால், கதவில் வாயை வைத்து, "நான் இங்கதான் இருக்கேன். பயமா இருந்தா பயப்படுங்க, தப்பில்ல. பேசிக்கிட்டே இருங்க" என்பார். உள்ளே கத்தல் அடங்கிவிடும்.

அந்தப் பேச்செல்லாம் வீட்டு வாசலோடு சரி. ஒரே மகள். அவள் உதட்டைப் பிதுக்கினாலே, "மூணு எண்ணுவேன். அதுக்குள்ள அழுகை நிக்கணும்" என்பார். நிற்காவிட்டால் அன்றைக்கு முழுக்க அவளோடு பேசமாட்டார். அடித்திருந்தால்கூட அவள் அவ்வளவு பயந்திருக்க மாட்டாள். ஆறு வயதுக்குள், அவர் இரண்டு எண்ணும்போதே நிறுத்தப் பழகிவிட்டாள். "எங்க வீட்ல அழுகைச் சத்தமே கேக்காது" என்று போகிற இடமெல்லாம் மார்தட்டிக்கொண்டார்.

பத்து வயதில் அவள் பள்ளி மாடிப்படியில் விழுந்தாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை. மூன்றாம் நாள் காலை சட்டைப் பொத்தான் போட முடியாமல் திணறியபோதுதான் அம்மா கவனித்தாள். மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, "எலும்புல விரிசல் விட்டிருக்கு. ரெண்டு நாளா எப்படிம்மா தாங்குன?" என்றார்.

"அழுகை வர்றப்பல்லாம் பாத்ரூம் போய் மனசுக்குள்ள எண்ணிக்குவேன்" என்றாள், பரீட்சையில் பதில் சொல்வதுபோல்.

பக்கத்தில் நின்ற அப்பாவுக்குத் தலை நிமிரவில்லை. மனைவி திட்டியிருந்தால்கூடத் தேவலை. "லிஃப்ட்ல மாட்டுனவங்ககிட்ட பேசுறதுல பாதிய இவகிட்ட பேசியிருக்கலாம்ல?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

மாவுக்கட்டு போடும்போது, "வலிச்சா அழுடா கண்ணு, அப்பா ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார். அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஏதோ சோதனை வைக்கிறார் என்று நினைத்தவள்போல் பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பார்வை இன்றுவரை அவரை உறுத்துகிறது.

கட்டுப் பிரித்து ஒரு மாதம் இருக்கும். ஒரு சாயங்காலம் அவள் வரைந்த படத்தில் தண்ணீர் கொட்டிவிட்டது. தூரிகைகளைச் சுவரில் விட்டெறிந்து வீறிட்டாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அதட்ட வாயெடுத்தவர், அப்படியே விழுங்கிக்கொண்டு ஈரத்தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கஷ்டப்பட்டு வரைஞ்சதுல்ல."

"இனிமே என்கூட பேசமாட்டீங்களாப்பா?"

"பேசுவேம்மா. இத்தனை நாள் பேசாம இருந்தது அப்பா தப்பு."

அவள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். பாதியில் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்து, மறுபடி அழுதாள். அந்தப் பயம் போக எத்தனை வருஷமாகும் என்று அவருக்குத் தெரியவில்லை.