பங்காளி வைத்த சூனியம்

கோதண்டபாணி யாரையும் நம்புகிற ஆள் இல்லை. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போனால் எடை போடுகிறவன் மேல் சந்தேகம். டீயில் நுரை கூடினால் கடைக்காரன் மேல் சந்தேகம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய சந்தேகம் இருந்தது. பக்கத்து நிலத்துப் பங்காளி ஹேமநாதன், செய்வினை வைத்துத் தன் குடும்பத்தை ஒவ்வொருவராகச் சாய்க்கிறான் என்பதுதான் அது.

காரணம் இல்லாமல் இல்லை. அப்பா ஐம்பதைத் தாண்டிய கையோடு, மடை திருப்பப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே சாய்ந்தார். அண்ணன் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டே விழுந்தார்; தூக்கும்போது உயிர் இல்லை. இரண்டு பேரும் முந்தின நாள்வரை கல்லுக்குண்டு மாதிரி நடமாடியவர்கள். ஆந்திரா பக்கம் போய்க் குறி கேட்டதில், "நிலத்தைப் பங்கு பிரிச்சவன் கை" என்று வந்தது. நிலத்தைப் பிரித்துக்கொண்டவன் சித்தப்பா மகன் ஹேமநாதன் ஒருத்தன்தான். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது கோதண்டபாணிக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. அடுத்தது தான்தான் என்று உள்ளுக்குள் நடுங்கினார். இடுப்பில் தாயத்து, வாசலில் திருஷ்டிப் பூசணி, நிலத்து மூலையில் மந்திரித்த கயிறு. இவ்வளவு உஷாரான மனுஷன் நாளெல்லாம் பீடி பிடித்தார், கருவாடு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

வீடு வீடாக வந்து பிரஷர் பார்க்கும் நர்ஸ் மோகனப்ரியா, மெஷினைப் பார்த்ததும் முகம் மாறினாள்.

"ரொம்ப அதிகமா கீதுங்க. தலை சுத்துதா?"

"எனக்கு ஒண்ணும் சுத்தல. உன் மெஷின்தான் சுத்துது."

"சில பேருக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. உங்க வீட்ல யாராவது சின்ன வயசுலயே மாரடைப்புல..."

"எங்க வீட்ல யாரும் வியாதியில சாவலம்மா. சாவடிச்சாங்க."

அவள் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள். கோதண்டபாணி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதே பெண் சற்று முன்னால் ஹேமநாதன் வீட்டிலிருந்து வெளியே வந்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார். அது போதாதா? மாத்திரை நேராகக் கரும்புக் கொல்லைக்குப் போனது.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு மாலை போட்டிருந்தார். விழா நெருங்கும்போது ஹேமநாதன் வாய் கோணி, கை விழுந்து ஆஸ்பத்திரியில் கிடப்பதாகச் சேதி வந்தது. கோதண்டபாணிக்கு முதலில் தோன்றியது, நடிப்பு. பங்காளி செத்தால் தனக்குத் தீட்டு. தீட்டு வந்தால் காவடி நின்றுபோகும். முருகன் துணையும் போய்விடும். அதைக் கெடுக்கத்தான் படுத்துவிட்டான்! இப்படியும் ஒருத்தன் நினைப்பானா என்று கேட்காதீர்கள், கோதண்டபாணி நினைப்பார். நேரில் பார்த்தே தீருவது என்று மகன் பிரகாஷின் வண்டியில் கிளம்பினார்.

நடிப்பு இல்லை. ஹேமநாதனின் வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. அவன் மனைவி ஜெயம்மாள் இவரைக் கண்டதும் கட்டிலை மறித்து நின்றாள்.

"கிட்ட வராதீங்க பாவா! எங்க மாமனாரை வாரிக்கினு போனது பத்தலியா? இப்ப இவரையுமா? உங்க கைதான்னு குறியிலயே வந்துடுச்சி."

"நானா?" என்றார் கோதண்டபாணி. சித்தப்பா தூக்கத்திலேயே போனபோது, வைத்த சூனியம் திரும்பி அடித்தது என்று ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டவர் அவர்.

டாக்டரம்மா வந்து அதட்டினார். "சண்டைய வெளிய வெச்சிக்கங்க. நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"பங்காளி. எங்க அப்பாவும் இவங்க அப்பாவும் கூடப் பொறந்தவங்க."

டாக்டரம்மா குடும்பத்தில் நடந்த சாவுகளைப் பற்றிக் கேட்டார். இவர் அப்பாவையும் அண்ணனையும் சொன்னார். ஜெயம்மாள் மாமனாரைச் சொன்னாள்.

"தாத்தா?"

"அவரும் வயசாகாமயே போயிட்டாரு. வெல்லம் காய்ச்சிகினு இருந்தப்ப நெஞ்சைப் புடிச்சிகினு விழுந்தாராம்."

"அப்ப யார் மேல சந்தேகப்பட்டீங்க?"

"அப்ப யாரு மேலன்னு... அப்ப நிலமே பங்கு பிரிக்கல" என்றார் கோதண்டபாணி.

"எல்லாம் ஒரே ரத்தம். அதை மாத்த முடியாது. ஆனா பிரஷரைக் குறைக்கலாம், பீடியை விடலாம், உப்பைக் குறைக்கலாம். மாத்திரை போட்டிருந்தா இவர் இப்படிப் படுத்திருக்கவே வேணாம்."

ஜெயம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நான்தாம்மா தூக்கிப் போட்டேன். அந்த நர்ஸு பாவா வீட்டுக்கும் போய் வருதேன்னு."

கோதண்டபாணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. சூனியம் என்றால் எடுக்க ஆள் உண்டு. இது அப்பாவிடமிருந்து அண்ணனுக்கு வந்தது, தனக்கும் வந்திருக்கிறது. அதோடு நிற்குமா?

கதவோரம் செல்போன் பார்த்துக்கொண்டிருந்த பிரகாஷைக் கூப்பிட்டார்.

"எதுக்கு நைனா?"

"சட்டைக் கையை மடிடா" என்றார். "எனக்கு அப்பறம் பாத்துக்கலாம் டாக்டரம்மா. மொதல்ல இவனுக்குப் பாருங்க."