பல்லிகளுக்குக் கட்டிய வீடு

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் என் மகள் படிக்கும் சிறிய தனியார் தொடக்கப் பள்ளி, வாடகைக் கண்டெய்னர்களில் நடக்கிறது. நிரந்தரக் கட்டடத்துக்கென்று வாங்கிய காணியில், இயற்கைப் பாடத்துக்காகப் பிள்ளைகளோடு நான்தான் பல்லிகளுக்கு வீடாகக் கற்களை அடுக்கினேன். பல்லிகள் குடிவந்தபோது எல்லோரும் கைதட்டினோம்.

கட்டட அனுமதிக்காகக் காணியைப் பார்க்க வந்த பெண் அதிகாரியை, மகள் கையைப் பிடித்துப் பல்லிகளைக் காட்டக் கூட்டிப்போனாள். அவை பாதுகாக்கப்பட்ட இனமாம். வேறிடம் அமைத்து அவற்றை மாற்றும்வரை கட்டட வேலை தொடங்க முடியாது.

"கல்லை எடுத்தால் அதுகள் போயிடுந்தானே, அக்கா?" என்று கட்டடக் குழுத் தலைவி சுமதி அக்காவிடம் மெல்லக் கேட்டேன்.

"ஏலாது தம்பி. தொட்டாலே குற்றமாம். ஆர் அடுக்கினதெண்டு அவ கேக்கிறா."

"என்ர அப்பாதான்" என்றாள் மகள், பெருமையாக.

இன்றும் மழை பெய்தால் வகுப்பில் வாளி வைக்கிறோம். பல்லிகளின் வீட்டில் ஒரு சொட்டும் இறங்காது. அவ்வளவு கவனமாக அடுக்கியிருந்தேன்.