ராகு காலத்தில் சீனா விமானம்

மூன்று தலைமுறையாக நம் பக்கம் வாழும் சீனக் குடும்பங்களின் பிள்ளைகளை, பூர்வீகத்தைக் காட்டக் கோடை விடுமுறையில் சீனாவுக்குக் கூட்டிப் போகிறேன்.

திருப்போரூரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் லின் அக்கா இன்று மகளின் டிக்கெட்டைப் பார்த்ததும் கொதித்துவிட்டார்.

"இன்னா சார், திங்கக்கெழம காலைல எட்டு மணி ராகு காலம். எம் பொண்ண அனுப்ப மாட்டேன்."

"விமானத்த நான் எப்படிக்கா மாத்த முடியும்?"

"அப்ப நல்ல நேரம் பாத்து பொட்டிய இன்னிக்கே உங்க வூட்ல வெச்சிடறேன். பொட்டி கெளம்பிட்டா பொண்ணும் கெளம்பின மாதிரிதான்."

வைத்துவிட்டார். மற்ற அம்மாக்களுக்கும் போன் போட்டு யோசனை சொல்லிவிட்டார்.

இப்போது படூரில் என் வீட்டு ஹாலில் கூரை வரை பெட்டிகள்.

சீனப் பெருஞ்சுவரைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் படூருக்கே வந்துவிடுங்கள். நல்ல நேரம் மட்டும் பார்த்து வாருங்கள்.