கமலேஸ்வரி நிரப்பிய படிவம்

லண்டன் வெஸ்ட் ஈலிங் கோயிலில் யார் அகப்பட்டாலும் கமலேஸ்வரி தன் தம்பி தர்சிகனின் ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டாள். பொதுவுடைமை ஆட்சி போய்ச் சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறிய நாடுகளில் சிலர் மாளிகை கட்ட, மற்றவர்களுக்கு ஐம்பது வயதிலேயே ஏன் நெஞ்சு நின்றுபோகிறது என்பதுதான் விஷயம். அவள் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனாலும் அந்த நாடுகளின் பெயர்களை வரிசை பிசகாமல் சொல்வாள்.

அந்தச் சனங்களுக்காக அவள் இரங்குவது பெரும்பாலும் பஸ்ஸில். விமானச் சாப்பாடு பொதி செய்யும் வேலைக்குப் போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். ஒரு மாதமாகப் படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது. லீவு கேட்டால் அடுத்த கிழமை ஷிப்ட் இராது. ஞாயிறுதோறும் தம்பி போனில் "அக்கா, சுகமோ?" என்பான். "ஓம், சுகம்" என்பாள். அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

லண்டன் தொழிலாளரையும் ஒப்பிட்டுப் பார்க்கவென்று தர்சிகன் உடல்நலம் பற்றிக் கேட்கும் பத்துப் படிவங்கள் கொடுத்தான். "பேர் போடத் தேவையில்லை அக்கா. வேலையிடத்திலை குடுங்கோ."

ஒன்பதைக் கொடுத்தாள். பத்தாவதைத் தானே நிரப்பினாள். வாயால் சொல்வது வேறு, படிவம் வேறு. அகதி விண்ணப்பத்தில் ஒரு திகதி பிசகியதற்கு நாலு வருஷம் அலைந்தவள் அவள்.

சனிக்கிழமை அவளுடைய சமையலறையில் உட்கார்ந்து தர்சிகன் படிவங்களைப் புரட்டினான்.

"அக்கா, இது அருமையான கேஸ்! படி ஏற நெஞ்சடைப்பு, இடது கை உளைவு. ஷிப்ட் போயிடுமெண்டு டொக்டரிட்டைப் போகேல்லையாம். நான் ஆராய்ச்சியிலை எழுதினது அப்பிடியே இருக்கு!"

கமலேஸ்வரிக்கு முகம் மலர்ந்தது. "உனக்கு உதவுமோ?"

"ஓமோம், இது..." அவன் நிறுத்தினான். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டதுபோல நேரான எழுத்து. அவனுடைய பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கு உறை போட்டுப் பெயர் எழுதித் தந்த அதே எழுத்து.

"அக்கா... சுகமோ?"

"ஓம், சுகம்."

"சப்பாத்தைப் போடுங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"ரெண்டு மணிக்கு ஷிப்ட் எல்லே!"

"ஷிப்ட் கிடக்கட்டும்."

அவசரப் பிரிவில் தாதி சிரித்த முகத்தோடு, எப்படி இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஃபைன், தாங்க் யூ," என்றாள் கமலேஸ்வரி.

தர்சிகன் தலையில் கை வைத்தான். அவள் அவன் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னாள்:

"தம்பி, இவையிட்டைப் படிவம் ஒண்டும் இல்லையோ? கேட்டு வாங்கு. உள்ளதை உள்ளபடி நிரப்பித் தாறன்."