தனித்தனியே வரவும்

நோட்டீசு அடித்துக் கூட்டம் சேர்ப்பது தொண்டையைக் கொடுத்துப் பகையை வாங்கும் தொழில். என்னைப்போல அதில் வதைபட்ட தோழர்களே, உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பதினேழாம் பிரிவு

சுனாமியில் கடல் வந்து வள்ளங்களைக் கொண்டுபோனது. பிறகு யுத்தமும் முடிந்தது. அடுத்த வருஷம் வாழைச்சேனைக்கு ஒரு கம்பனி வந்து புது வள்ளங்களுக்குத் தவணைக்கு என்ஜின் கொடுத்தது. வாங்கிய பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் நடு வாவியில் என்ஜின் நின்றது. வெயில் மூட்டத்துக்குள் வள்ளங்கள் உறங்கும் பறவைகள்போல மிதந்தன. மாரி வந்து கடல் மூடுமுன் நல்ல என்ஜின் கிடைக்காவிட்டால் அந்த வருஷம் அடுப்பு எரியாது.

அவர்கள் கொண்டுவந்த ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டினேன். அதன் பதினேழாம் பிரிவு: பிணக்கு வந்தால் நீதிமன்றம் போகக்கூடாது. கம்பனி நியமிக்கும் நடுத்தீர்ப்பாளரிடம்தான் முறையிட வேண்டும். பலர் சேர்ந்து முறையிடவும் கூடாது. கேட்டுக்கொண்டிருந்த மீனவன் மரியநாயகம் சொன்னான்: “அப்ப என்ஜின் மட்டும் எல்லாருக்கும் ஒண்டா நிக்கலாமோ அண்ணன்?”

தடியில்லாமல்

பன்னிரண்டு கையெழுத்துடன் மனுவைக் கம்பனிக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். துவக்கு நீட்டியவர்களுக்கு முன்னாலும் நோட்டீசு கொடுத்தவன் நான். முகாமையாளர் கதிரை தந்தார், தேத்தண்ணி தந்தார், மனுவைத் தொடவில்லை. தடியில்லாமல் என் கூட்டத்தைக் கலைத்த முதல் மனிதர் அவர்தான். “ஐயா, பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டா அது வெறும் கடதாசி, ஒராள் போட்டாத்தான் முறைப்பாடு.”

பழக்கதோஷம்

சரி, பன்னிரண்டு மனு. நோட்டீசுக்காரன் புத்தி விடுமா? ஒன்றை எழுதி, பெயரை மட்டும் மாற்றினேன். வாசகம் ஒன்றாக இருப்பதால் இதுவும் கூட்டு முறைப்பாடே என்று அத்தனையும் திரும்பி வந்தன. பன்னிருவரில் ஒருத்தி பூமணி, அலையில் புருசனைப் பறிகொடுத்தவள். மனுக்களைப் புரட்டிப் பார்த்தாள். “இதில நீங்கதான் கதைக்கிறீங்க அண்ணன், நாங்க ஒருத்தரும் இல்லியே.”

வாவி சொன்னது

அதன்பின் அவர்கள் சொன்னார்கள், நான் எழுதினேன். என்ஜின் நின்ற அமைதியில், தண்ணீருக்கடியில் தன் பழைய வீட்டுக் கிணற்றுக்கட்டைப் பார்த்ததாக மரியநாயகம் சொன்னான். வள்ளம் தானாகச் சுற்றியபோது கரையில் புருசன் நின்று கைகாட்டியதாகப் பூமணி சொன்னாள். எதையும் வெட்டாமல் எழுதி, பன்னிரண்டு நாளில் பன்னிரண்டு கடிதம் போட்டேன்.

தனித்தனியே வந்ததைத் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய விதிதான். ஐந்தாவது ஆளிலேயே நடுத்தீர்ப்பாளர் களைத்துவிட்டார். முகாமையாளர் என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். “எல்லாரையும் ஒரு இடத்துக்குக் கூப்பிட ஏலுமா ஐயா? ஒண்டாக் கதைச்சு, எல்லா என்ஜினையும் மாத்தித் தாறம்.”

நான் கூட்டிய கூட்டங்களிலேயே எதிராளி கெஞ்சிக் கேட்டுக் கூட்டியது அது ஒன்றுதான். அதற்கு ஒரு நோட்டீசுகூட நான் அடிக்கவில்லை.